பின்பாரம்

மாட்டு வண்டியில் போய்ப் பழகியவர்களுக்கு அந்த அதட்டல் இன்னும் காதில் இருக்கும். பின்பக்கமாக ஏறிய நாலு பேர் உள்ளே நகராமல் வாசலோரமே குந்திவிட்டால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். "பின்பாரம் ஆவுது, முன்ன தள்ளி ஒக்காருங்க" என்று வண்டிக்காரர் சத்தம் போடுவார். எல்லோரும் முன்னால் போய் நெருக்கினால் அது முன்பாரம். மாட்டின் கழுத்து தாங்காது. மூட்டையையும் ஆளையும் அச்சுக்கு முன்னும் பின்னும் நகர்த்தி, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, "இப்ப சரி" என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும். நெம்புகோல் விதியை அந்த வண்டிக்காரர் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. படித்த நாம் காருக்குள் ஏறியதும் அதை மறந்துவிடுகிறோம்.

அந்த மறதி எப்படி வருகிறது என்பதை அனந்தபுரத்தில் பார்க்கலாம். செஞ்சி வட்டத்தில் உள்ள பேரூராட்சி அது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தக் கோட்டையின் ராஜகிரிக் குன்றைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களின் பயணங்கள் வேறு. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம், முகூர்த்த நாளில் திண்டிவனமோ விழுப்புரமோ. எதற்கும் தனியாகப் போக முடியாது. ஆயா, பெரியப்பா, அத்தை, பிள்ளைகள் என்று கூட்டிப் பார்த்தால் எட்டுப் பேர் தேறும். வீட்டு வாசலில் நிற்பதோ ஐந்து பேர் போகிற கார்.

இந்தக் கணக்கு ஒத்துவராமல் போகும்போதுதான் பேச்சு பட்டறை வாசலுக்கு வருகிறது. "டிக்கி சும்மாதானே கெடக்கு? ஒரு பெஞ்ச் அடிச்சி, குஷன் போட்டுட்டா மூணு பேர் தாராளமா ஒக்காரலாமே?" வெல்டிங் தெரிந்த யாருக்கும் இது அரை நாள் வேலை. நாலு ஆங்கிள் துண்டு, ஒரு பிளைவுட் பலகை, சீட் கவர் கடையில் ரெக்சின். செலவும் பெரிதாக ஆகாது. ஆசையிலும் தப்பில்லை. உலகம் முழுக்க ஏழைக் குடும்பங்களும் நடுத்தரக் குடும்பங்களும் தங்கள் வாகனத்தை இப்படித்தான் நீட்டியிருக்கின்றன. ஆனால் டிக்கி சும்மா கிடக்கவில்லை. காரிலேயே விலை கூடிய இடம் அதுதான்.

ஏன் என்று பார்க்க, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் தூரமுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் டிக்கிக்குள் பெஞ்ச். அதில் மூன்று பேர், சேர்ந்து 200 கிலோ. அந்த 200 கிலோவும் பின் சக்கரங்களில் இறங்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் இறங்குவது 240 கிலோ. மீதி 40 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து. பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்து, பின்னால் உட்கார்ந்தவர்கள் காரின் மூக்கைத் தூக்குகிறார்கள். 200 கிலோவை அரை மீட்டரால் பெருக்கி, 2.5 மீட்டரால் வகுத்தால் 40. நுகத்தடி எழும்பிய அதே கதைதான். கத்துவதற்கு இங்கே மாடு இல்லை, அவ்வளவே.

அந்த 40 கிலோ சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை வண்டிகள். காரை இழுப்பது முன் சக்கரம், திருப்புவது முன் சக்கரம், பிரேக் அழுத்தும்போது பெரும்பங்கை ஏற்பதும் முன் சக்கரம். மூன்று வேலை செய்கிறவரிடம் பாரத்தைப் பிடுங்கி, பெரிதாக வேலை இல்லாதவர் தலையில் அதைவிடக் கூடுதலாக ஏற்றுகிறோம். ஓட்டுகிறவருக்கு முதலில் தெரிவது ஒரு சுகம்: "ஸ்டியரிங் லேசா இருக்கே!" லேசாகத்தான் இருக்கும். தரையை அழுத்திப் பிடிக்க வேண்டிய சக்கரம் பிடி தளர்ந்திருக்கிறது.

பின்னால் நடப்பது இதைவிட மோசம். டயரின் பிடிமானம், அதன் மேல் உள்ள எடை கூடக்கூடக் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. எடை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். வளைவில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்த பாரம் வெளிப்பக்கமாகத் தள்ளும். பின் டயரோ அந்தத் தள்ளலுக்கு ஈடுகொடுக்கத் திணறும். கார் தன் வாலை வீசும். ஆடு குறுக்கே வந்ததென்று ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்துத் திருப்பி மீட்டெடுக்கும் அந்த இரண்டு நொடியில்தான் இது வெளிப்படும். அதுவரை நூறு தடவை கிரிவலம் போய்வந்திருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது. பட்டறை பெஞ்ச் மீது மக்களுக்கு நம்பிக்கை வருவதும் அதனால்தான்.

அப்படியானால் கார் ஆலைகள் மட்டும் எப்படி ஐந்து பேர் காரை ஏழு பேர் காராக்குகின்றன? அனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால் ஒரகடம். அங்கே ரெனோ நிறுவனத்தின் க்விட் என்ற சின்னக் கார் தயாரானது. அதன் இரு அச்சுகளுக்கு இடையே 2,422 மில்லிமீட்டர். அதே அடித்தளத்தைத் திருத்தி 2019-இல் ஏழு பேருக்கான டிரைபரைக் கொண்டுவந்தபோது அந்த இடைவெளி 2,636 ஆனது. அதையும் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. அங்கே கிரெட்டாவிலிருந்து 2021-இல் அல்கஸார் பிறந்தபோது 2,610 என்பது 2,760 ஆயிற்று. மாருதியிலும் இதே கதை: 2012-இல் வந்த எர்டிகா, ஸ்விஃப்ட்டின் உறவுக்காரன், ஸ்விஃப்ட்டில் 2,430 ஆக இருந்த இடைவெளி எர்டிகாவில் 2,740.

மூன்று நிறுவனங்கள், மூன்று விலை; செய்தது ஒரே வேலை. சீட்டைப் பின்னால் தள்ளுவதற்கு முன்பே பின் சக்கரத்தைப் பின்னால் தள்ளினார்கள். புதிதாக ஏறுகிறவர்களின் பாரம் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ விழும்படி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்பிரிங், பிரேக், டயர், தரைத்தகடு எல்லாவற்றையும் அந்தப் புது எடைக்குத் தக்கபடி மறுபடி கணக்குப் போட்டார்கள். பட்டறையால் செய்ய முடியாத வேலை இதுதான். பெஞ்ச் அடிக்கலாம், குஷன் போடலாம், அச்சை நகர்த்த முடியாது.

அச்சை நகர்த்தாமல் செய்து பார்த்த ஆலையும் உண்டு. ஒரகடத்திலேயே தயாரான டாட்சன் கோ காரின் நீளம் 3,785 மில்லிமீட்டர். 2015 ஜனவரியில் அதன் நீட்டிய வடிவமாக கோ பிளஸ் வந்தது, நீளம் 3,995. அச்சு இடைவெளி மட்டும் இரண்டிலும் ஒன்றே, 2,450. அதாவது ஒரு சாண் நீளத்தை முழுக்கப் பின் சக்கரத்துக்குப் பின்னால் சேர்த்து, அங்கே மூன்றாவது வரிசை வைத்தார்கள். நாலு மீட்டருக்குள் அடங்கும் கார்களுக்கு வரி குறைவு என்பது 2006 முதல் இந்தியக் கார்களின் உருவத்தையே செதுக்கிவரும் விதி. 3,995 என்ற எண்ணின் ரகசியம் அதுதான். அந்தக் கடைசி வரிசை பிள்ளைகளுக்குத்தான் சரிப்பட்டது. பெரியவர்கள் முழங்காலை மோவாயில் முட்டவைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆலையே செய்தாலும் இயற்பியல் தள்ளுபடி தராது.

கூடுதல் ஆளை ஏற்றும் இந்த ஆசைக்கு நம் நாட்டில் நல்ல வரலாறு உண்டு. அம்பாசிடரை யாருமே ஐந்து பேர் காராக நினைத்ததில்லை. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் III காரிலிருந்து வந்த அந்த வண்டியில், பழைய மாடல்களில் கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தது. முன் சீட் ஒரே நீள பெஞ்ச். முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் பிள்ளைகள் என்று கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கிய கதை எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். கவனித்துப் பார்த்தால், அந்தக் கூட்டம் முழுவதும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எடை அதிகம்தான், ஆனால் பின்பாரம் இல்லை. 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை அம்பாசிடருக்கு இருந்த பொறுமைசாலி என்ற பெயரில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அம்பாசிடரின் எஞ்சின் முதலான உறுப்புகளை வைத்து டிரெக்கர் என்ற பல பேர் போகும் வண்டியையும் செய்தது. நம் பக்கம் அது அதிகம் ஓடவில்லை. வங்காளத்திலும் ஒடிசாவிலும் கிராமத்து ஷேர் ஜீப்புக்கே 'டிரெக்கர்' என்று பெயர் விழும் அளவுக்கு ஓடியது.

இந்த ஆசை வெளிநாட்டிலும் உண்டு. பிலிப்பைன்ஸில் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை உள்ளூர்க்காரர்கள் வாங்கினார்கள். பின்னால் உடம்பை நீட்டி, எதிரெதிராக இரண்டு பெஞ்ச் போட்டு, மேலே கூரை வேய்ந்து, வண்ணம் அடித்து ஜீப்னி ஆக்கினார்கள். காலப்போக்கில் ஜீப்னி தயாரிக்கத் தனிப் பட்டறைகளே வந்தன. 1953-இல் தொடங்கிய சராவ் அவற்றில் பேர் பெற்றது. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், ஜீப்புக்கு அடியில் தனியாக ஒரு சேசிஸ் இருந்தது. இரும்பு ஏணி போன்ற அந்தச் சட்டத்தை நீட்டலாம், பலப்படுத்தலாம், அச்சை வேறு இடத்தில் பொருத்தலாம்.

நம் கரூர் பஸ் கட்டும் தொழிலும் நாமக்கல் லாரி கட்டும் தொழிலும் அதே ஏணியின் மேல்தான் நிற்கின்றன. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம் பக்கம் நின்று பார்த்தால் சில நேரம் கண்ணில் படும்: உடம்பே இல்லாத பஸ், வெறும் எஞ்சினும் சட்டமும் சக்கரமும், மேலே முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் காற்றில் ஓட்டிப்போவார். அந்தச் சட்டத்தின் மேல் எத்தனை டன் ஏறலாம், எந்த அச்சில் எவ்வளவு இறங்கலாம் என்பதை ஆலை முன்பே எழுதிக் கொடுத்துவிடுகிறது. கரூர்க்காரர்கள் அந்த எழுத்துக்குள் நின்று கட்டுகிறார்கள். டாடா சுமோவும் டொயோட்டா குவாலிஸும் பத்துப் பேரைச் சுமந்து நம் ஊர்ச் சாலைகளில் ஓடியதற்கும் அடியிலிருந்த அந்த ஏணிதான் காரணம்.

இன்றைய குடும்பக் காரில் அந்த ஏணி கிடையாது. முட்டை ஓடு போல உடம்பே சட்டம். கூரை, தூண், கதவுச் சட்டம், தரைத்தகடு எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியாகப் பாரத்தைத் தாங்குகின்றன. எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். ஆனால் முட்டை ஓட்டில் ஆணி அடிக்க முடியாது. டிக்கியின் தரைத்தகடு பல கார்களில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. பட்டறைக்காரர் பெஞ்சின் காலை இந்தத் தகட்டில்தான் போல்ட் போடுகிறார், அல்லது பற்றவைக்கிறார். இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு பார்த்தே ஆக வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் புளியமரத்தில் மோதுகிறது. முன்பகுதி நசுங்கி, சுமார் 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள் உள்ளே இருப்பவர் நிற்க வேண்டும். அதற்குத் தேவையான எதிர்விசை புவியீர்ப்பைப்போல 16 மடங்கு. 65 கிலோ எடையுள்ளவரைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 1,060 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு டன். ஐரோப்பிய விதிகளின்படி சீட் பெல்ட் மாட்டும் இடத்தைச் சோதிக்கும்போது 13,500 நியூட்டன், அதாவது சுமார் 1,380 கிலோ விசையில் இழுத்துப் பார்ப்பது இதனால்தான். ஆலையில் பெல்ட் போல்ட்டுக்குப் பின்னால் தடித்த தகடு, அதற்கும் பின்னால் மடித்த சட்டம் என்று விசையைப் பரப்பிவிட ஏற்பாடு இருக்கும். டிக்கித் தகட்டில் போட்ட போல்ட், அப்பளத்தில் குத்திய ஊசிபோல, தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மூன்று பேரும் பெஞ்சோடு சேர்ந்து தங்களுக்கு முன்னால் உள்ள சீட்டுக்காரர்களின் முதுகில் வந்து விழுவார்கள். பின்னால் இருப்பவருக்கு மட்டுமல்ல, ஒழுங்காகப் பெல்ட் போட்டு முன்னால் இருப்பவருக்கும் அது ஆபத்து.

பற்றவைத்தால் பலமாக இருக்காதா? சாதாரண இரும்பில் இருக்கும். இன்றைய கார்களில் முக்கியமான சட்டங்கள் வெப்பமும் குளிரும் கொடுத்துப் பதப்படுத்திய உயர்வலிமை எஃகு. அதில் வெல்டிங் சூடு பட்டால் பதம் போய்விடும். பற்றவைத்த இடத்தைச் சுற்றி எஃகு இளகிப் பலமிழக்கும். கொல்லர் பதம் ஏற்றிய அரிவாளை அடுப்பில் போட்ட கதை.

மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வது பற்றியும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் கிலோ குழந்தை மோதும் அந்த நொடிப்பொழுதில் 160 கிலோ மூட்டையாகிவிடும். எந்தத் தாயின் கையாலும் பிடிக்க முடியாது. பாசத்தில் குறையில்லை, கைதான் போதாது.

டிக்கி பெஞ்சில் இன்னொரு வம்பு, அது இருக்கும் இடம். காரின் வாலில் உள்ள வெற்றிடம் பின்னாலிருந்து லாரி இடித்தால் நசுங்குவதற்காக விடப்பட்ட இடம். நசுங்கும் தகடு மோதலின் ஆற்றலைத் தின்றுவிடும். பின்சீட்டில் இருப்பவர் பிழைப்பார். அந்த நசுங்கும் இடத்தில் இப்போது மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. இடம் போதாமல் பெஞ்சைப் பக்கவாட்டில் போட்டால் மோதலின்போது உடல் பக்கவாட்டில் சாயும். இடுப்பையும் மார்பையும் முன்னோக்கிப் பிடிக்கத் தைத்த பெல்ட் அங்கே கழுத்தை அறுக்கும். அதோடு, பெரும்பாலான கார்களில் டிக்கிக் கதவை உள்ளேயிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது. மனிதர்கள் வெளியேறும் வாசலாக அதை யாரும் வடிவமைக்கவில்லை.

அமெரிக்காவில் இந்தப் பின்பாரப் பாடத்தைப் பெரிய அளவில் கற்றுக்கொண்டார்கள். சரக்கு வேன்களின் வாலை நீட்டி, கடைசி வரிசைகளைப் பின் அச்சுக்கு மேலும் பின்னாலும் வைத்து, 15 பேர் போகும் வேன்கள் அங்கே ஏராளமாக ஓடின. சர்ச்சுக் குழுக்களும் கல்லூரி விளையாட்டு அணிகளும் விரும்பி எடுத்துப்போன வண்டி. 2001-இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விபத்துக் கணக்குகளை அலசி எச்சரித்தது: பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறினால், குறைவான ஆட்களோடு போகும்போது இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அளவில் இந்த வேன்கள் கவிழ்கின்றன. வேன் அதேதான், ஓட்டுநர் உரிமமும் அதேதான். ஆள் ஏறஏற ஈர்ப்பு மையம் மேலேயும் பின்னாலேயும் நகர்ந்ததுதான் வித்தியாசம். நிர்வாகம் தந்த அறிவுரைகளில் ஒன்று, ஆள் குறைவாக இருந்தால் எல்லோரும் பின் அச்சுக்கு முன்னால் உள்ள சீட்டுகளில் உட்காருங்கள் என்பது. முன்ன தள்ளி ஒக்காருங்க! நம் வண்டிக்காரர் காசு வாங்காமல் சொன்னதை அவர்கள் புள்ளிவிவரம் சேர்த்துச் சொன்னார்கள்.

கவிழ்வதற்கான கணக்கும் எளிதுதான். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் வண்டி தரையோடு ஒட்டியிருக்கும். ஒன்றை நெருங்க நெருங்கக் குடைசாயத் தயாராகும். அகலம் 1.4 மீட்டர், மைய உயரம் 55 சென்டிமீட்டர் என்றால் 1.27. ஆட்களும் கூரைக் கேரியரில் கட்டிய பெட்டிகளும் சேர்ந்து மையத்தை ஏழு சென்டிமீட்டர் உயர்த்தினால் 1.13. அந்த ஏழு சென்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியும் ஒன்றும் உண்டு. ஆனால் தெரிவது எதிரே வருகிறவர் கண்ணுக்கு. பாரம் ஏறிப் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் அமுங்கினால் 2.5 மீட்டர் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு சாய்வு. ஹெட்லைட் வெளிச்சம் 50 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் உயரே போய்விடும். டிம் லைட்டிலேயே போகிறோம் என்று இவர் நினைத்துக்கொண்டிருப்பார். செஞ்சி–திருவண்ணாமலை சாலையில் எதிரே பைக்கில் வருகிறவருக்கு அது கண்ணைப் பறிக்கும் ஹைபீம். பல கார்களில் ஸ்டியரிங்கின் ஓரத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னத் திருகு ஒன்று இருக்கும். கார் வாங்கி ஐந்து வருடம் ஆகியும் அது எதற்கென்று தெரியாதவர்கள் பலர். பின்னால் பாரம் ஏறும்போது வெளிச்சத்தைக் கீழிறக்கத்தான் அது. சீட்டு நிரம்பினால் எண்ணைக் கூட்டுங்கள்.

அமுங்குகிறது என்றால் ஸ்பிரிங்கை மாற்றினால் போயிற்று என்பது பட்டறையின் அடுத்த யோசனை. ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில் ஒரு பட்டை கூட்டுவார்கள். சுருள் ஸ்பிரிங் என்றால் இடையில் ரப்பர்த் துண்டு செருகுவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். அச்சில் இறங்கும் எடை ஒரு கிலோகூடக் குறையாது. பின்பாரம் இருப்பதை மறைத்துவிடும் என்பதால் இதை நல்ல மாற்றமாகச் சொல்ல முடியாது.

டயரின் பக்கச் சுவரில் அதன் சம்மதம் எழுதியிருக்கிறது. 155/80 ஆர்13 என்ற அளவுக்குப் பக்கத்தில் 79 என்று ஓர் எண் இருந்தால், சரியான காற்றில் அந்த டயர் 437 கிலோ தாங்கும் என்று பொருள். பின்னால் இரண்டுக்கும் சேர்த்து 874 கிலோ. காரின் சொந்த எடையில் பின் அச்சின் பங்கு, பின்சீட்டுக்காரர்கள், அதன்மேல் நாம் பார்த்த 240 கிலோ, பொங்கல் வைக்க அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் என்று கூட்டிக்கொண்டே போனால் வரம்பு எப்போது கடந்தது என்றே தெரியாது. காற்றும் நாலு பவுண்டு குறைந்திருந்து, சித்திரை வெயிலில் தார்ச்சாலையும் கொதித்தால், டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிக்கும் டயர்களில் பல அதற்கு முன்பே பல கிலோமீட்டர் வெந்துகொண்டு வந்தவை.

பிரேக் பற்றி ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்திவிடலாம். எடை கூடினால் கார் நிற்கும் தூரமும் அதே அளவு கூடும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். டயரின் பிடிமானமும் எடையோடு கூடுவதால் ஒரு தடவை அழுத்தி நிறுத்துவதில் அவ்வளவு வித்தியாசம் தெரியாமல்கூடப் போகலாம். சிக்கல் சூட்டில் இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,350 கிலோ வண்டியை நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 420 கிலோஜூல். 200 கிலோ கூடினால் 480-ஐத் தாண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இந்தக் கூடுதல் சூடு சேர்ந்துகொண்டே வரும். ஏலகிரியோ கொல்லிமலையோ இறங்கும்போது ஒரு கட்டத்தில் பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

நீட்டிய வண்டியும் கைவிட்ட பிரேக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 அக்டோபர் 6-ஆம் தேதியைச் சொல்லலாம். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி என்ற ஊரில், நடுவில் வெட்டி நீட்டிப் பல பேர் போகும்படி மாற்றிய 2001-ஆம் ஆண்டு ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் ஒன்று, பிறந்தநாள் கொண்டாடக் கிளம்பிய கூட்டத்தோடு சரிவில் இறங்கியது. பிரேக் பிடிக்கவில்லை. கீழே இருந்த சந்திப்பைத் தாண்டிப் பாய்ந்தது. வண்டியில் இருந்த 17 பயணிகள், ஓட்டுநர், வெளியே நின்ற இரண்டு பேர் என 20 பேர் இறந்தார்கள். பராமரிக்காமல் விட்ட பிரேக்தான் முதல் காரணம் என்றது விசாரணை. நீட்டிய வண்டிகளில் சீட்டும் பெல்ட்டும் எப்படிப் பொருத்தப்படுகின்றன என்ற கேள்வியையும் அது விடவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆலை குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றும் வண்டிகளுக்கு வழி விட்டிருக்கிறது, அது சரியான விதிவிலக்கு. சொந்த உபயோகத்துக்கான 'ஓன் போர்டு' காரில் பெஞ்ச் அடித்து வாடகைக்கு விட்டால் இன்னும் சிக்கல். ஆறு பயணிகள் வரை மோட்டார் கேப், அதற்கு மேல் பன்னிரண்டு வரை மேக்ஸி கேப் என்று சட்டம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போது பெஞ்சைக் கழற்றி வைத்துவிட்டு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, திரும்பி வந்து மாட்டிக்கொள்ளும் சாமர்த்தியமும் ஊரில் உண்டு. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து தரையில் உள்ள போல்ட் துளைகளை எண்ணும்போது அந்தச் சாமர்த்தியம் எடுபடாது.

எட்டுப் பேர் குடும்பம் என்னதான் செய்வது? மாதத்தில் ஒரு பௌர்ணமி, வருடத்தில் பத்து முகூர்த்தம் என்றால் அன்றைக்கு மட்டும் வேன் எடுப்பது கட்டுப்படியாகும். தினமும் வேண்டும் என்றால், காரை மாற்றும்போது ஏழு பேருக்காகவே பிறந்த வண்டியாகப் பார்த்து, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்கலாம். அதிலும் மூன்றாவது வரிசையில் இருப்பதிலேயே எடை குறைந்தவர்களை ஏற்றுங்கள். ஏழு பேர் ஏறிய பிறகு டிக்கியில் மூட்டை அடுக்காதீர்கள். கிளம்பும்முன் பின் டயர் காற்றைக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் 'முழுப் பாரம்' அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஐந்து பேர் கார்தான் இருக்கிறது என்றால் இரண்டு நடை போகலாம், அல்லது பெரியப்பாவை பஸ்ஸில் அனுப்பலாம். அவர் கோபித்துக்கொள்வார். கோபம் தணியும்.

இந்த வாரம் ஒரு தடவை ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, இருக்கை எண்ணிக்கை என்ற வரியைப் பாருங்கள். அதில் 5 என்று போட்டிருந்தால், ஓட்டுகிறவரும் அந்த ஐந்தில் ஒருவர்.